மாடு மிரண்டால் மீன் கடிக்கும்

தொட்டியில் வாய் வைத்திருக்கும் மாடுகளின் மூக்குக்கு முன்னால் நூலை இழுத்துக்கொண்டு ருக்கியா நடக்கிறாள். நூலின் நுனியில், தண்ணீருக்குள், உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு சுழன்றுகொண்டே அவள் பின்னால் வருகிறது. முதல் மாடு குடித்துக்கொண்டே இருக்கிறது. அடுத்தது காதை மட்டும் ஆட்டுகிறது. அதற்கடுத்த கிடாரி சட்டென்று தலையைத் தூக்கி, மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக, பின்வாங்கி நின்று தொட்டியை முறைக்கிறது. "ஒண்ணுதான் மெரண்டுச்சு, பத்தாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ருக்கியா நூலைக் கையில் சுற்றுகிறாள். ஈரத் தகட்டை முந்தானையில் துடைத்தபடி கடைக்குத் திரும்புகிறாள்.

கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம், "அந்தம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று விசாரிப்பதுண்டு. ஒன்றுமில்லை. பெரிய மீன்களை ஏமாற்றிப் பிடிக்கும் ஸ்பின்னர் செய்வது அவளுடைய தொழில். தண்ணீருக்குள் இழுத்தால் தகடு சுழல வேண்டும், அந்த அதிர்வில் மீனுக்குக் கோபம் வர வேண்டும். வருமா வராதா என்பதை ருக்கியா மாட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். தேறிய ஸ்பின்னருக்கு மட்டுமே பிறகு தூண்டில் முள் மாட்டுவாள்.

அவள் கணவர் அப்துல் ஷுக்கூர் சந்தை வாசலில் கடை வைத்திருக்கிறார். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்து மணி, சலங்கை, கொம்புக் குஞ்சம், சாட்டை எல்லாம் அங்கே கிடைக்கும். சந்தை இல்லாத நாளில் அவரைத் தேட வேண்டுமென்றால் சித்தூர்ப் புழைக்குப் போக வேண்டும். ஆற்றில் ஆழமான கயம் கயமாக நின்று வாளை மீனுக்குத் தூண்டில் வீசிக்கொண்டிருப்பார். ஆள் கை நீளத்துக்கும் மேல் வளர்கிற மீன் அது. ஒரு மழைக்காலத்தில் அப்படியொரு வாளை அவருடைய வெளிநாட்டு ஸ்பின்னரை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மனிதர் இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் போல் புலம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் புலம்பலைக் கேட்கமாட்டாமல்தான் ருக்கியா ஒரு உடைந்த கழுத்து மணியை வெட்டித் தகடாக்கி, எருதுக் கொம்பில் கட்டும் குஞ்சத்தைப் பின்னால் கட்டி, "இந்தாங்க, இதையும் தொலைச்சுட்டு வாங்க" என்று கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். சாயங்காலம் பைக்கின் பின்னால் கட்டியிருந்த வாளையின் வால் ரோட்டைப் பெருக்கிக்கொண்டு வந்தது.

அந்த ஸ்பின்னரில் ஒட்டிய மீன் செதிளைக் கழுவ அவள் தொட்டியில் விட்டு அலசியபோதுதான் ஒரு எருமை துள்ளிக் குதித்தது. தொட்டியின் மதிப்பு அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது. "மூக்கைத் தண்ணிக்குள்ள வெச்சிருக்கிற மாட்டுக்கு அதிர்வு மீசையில தெரியுமுங்க. மீனுக்கு ஒடம்பே மீசைதான்" என்பாள். இந்த விஞ்ஞானம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவளிடம் வாங்கிப் போகிறவர்கள் திரும்பவும் வருகிறார்கள்.

வட்டத் தகடு மெதுவாகச் சுற்றும், தம் தம் என்று அடிக்கும். மாவிலை போல் நீண்ட தகடு வேகமாகச் சுற்றும், சத்தம் குறைவு. தகட்டின் குழி ஆழமானால் அடி கனக்கும். குழி குறைந்தால் தகடு சுற்றாமல் செத்த இலை போல் இழுபட்டுக்கொண்டு வரும். இரண்டு தகடு மாட்டினால் ஒன்றை ஒன்று இடிக்காமல் நடுவில் பாசிமணி கோக்க வேண்டும். தகடு செய்ய அவளுக்கு எந்த உலோகமும் ஆகும். அதனால் அந்த வீட்டில் மூடி போட்ட பாத்திரத்தைப் பார்ப்பது அபூர்வம். குழம்பை மூடவும் தட்டு, சோற்றை மூடவும் தட்டு. பெரிய அண்டாவின் மூடி மட்டும் தப்பித்திருக்கிறது. அதைக் கணவர் கடைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்.

திருச்சூரிலிருந்து ஒருநாள் வந்த பையன் பச்சை நிறத்தில் கேட்டான், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் கண் வரைந்தது இருக்கிறதா என்றான். ருக்கியா எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினாள். "நெறமெல்லாம் மனுசனைப் புடிக்கத் தம்பி. எந்தத் தண்ணியில போடப்போறே, அதச் சொல்லு." மழை பெய்து கலங்கிய தண்ணீர் என்றான். புளி போட்டுத் தேய்த்த வட்டப் பித்தளையைக் கொடுத்தாள். தண்ணீர் தெளிந்தால் இதே தகட்டை அடுப்புப் புகையில் காட்டி மங்கலாக்கச் சொன்னாள். "தெளிஞ்ச தண்ணியில இத்தனை மினுக்குனா மீனு இது கல்யாண ஊடுன்னு நெனைச்சு ஒதுங்கிப் போயிரும்." பையன் பித்தளையையும் வாங்கினான், கண் வரைந்ததையும் வாங்கினான். இரண்டையும் அவள் மலர்ந்த முகத்தோடுதான் விற்றாள்.

மாட்டிடம் தேறாத ஸ்பின்னர்களுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் ஊமை. ஊமைகளைக் கடை வாசலில் தோரணமாகத் தொங்கவிட்டிருக்கிறாள். கொழிஞ்சாம்பாறைக்கு ஓடும் பஸ் ஒன்றின் கண்ணாடியில் ஒரு ஊமை ஆடுகிறது. இவ்வளவு செய்கிறவள் ஒருநாளும் புழைக்கரைக்குப் போனதில்லை. கேட்டால், "சமையக்காரி விருந்துக்குப் போய் எலையில உக்காருவாளாக்கும்?" என்பாள்.

தொட்டிப் பக்கம் அவளைப் பார்த்தாலே கடுகடுக்கும் ஆள் ஒருவர் உண்டு. தரகர் குப்பண்ணன். "இது மாட்டுச் சந்தைங்களா, மீன் சந்தைங்களா அம்மிணி?" என்பார். "ரெண்டுந்தானுங்கண்ணா. கொழப்பமில்லைங்க" என்று சொல்லிவிட்டு அவள் தன் பாட்டுக்கு நடப்பாள். போன மழைக்காலத்தில் ஒரு சந்தையன்றைக்குக் குப்பண்ணன் கோபப்பட்டது மட்டும் நூற்றுக்கு நூறு நியாயம்.

எருத்தேம்பதியிலிருந்து முத்தாத்தாள் என்கிற விவசாயி அம்மாள் தன் சாம்பல் வெள்ளை நிற மயிலைக் காளையைக் கொண்டு வந்திருந்தாள். சோடி செத்துப்போய் ஒற்றையாக நின்ற காளை. அதற்குச் சோடி வாங்க அவளுக்கு வழியில்லை, விற்க மனசில்லை, விற்றுத்தான் ஆக வேண்டும். நல்லவேளையாகப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பூபதிராஜா வந்து சேர்ந்தார். ரேக்ளா பந்தயம் ஓட்டுகிறவர். தன் காளைக்குச் சோடி தேடி அதையும் கையோடு கூட்டி வந்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். உயரம் ஒத்தது, கொம்பு ஒத்தது, நடையும் ஒத்தது. குப்பண்ணனும் பூபதிராஜாவும் ஒரு துண்டை விரித்து, அதன் அடியில் கையைக் கோத்து, விரலால் விலை பேச ஆரம்பித்தார்கள். பேச்சு முடியட்டும் என்று முத்தாத்தாள் காளையைத் தொட்டிக்குக் கூட்டிப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ருக்கியா புதிதாகச் செய்த இரட்டைத் தகட்டு ஸ்பின்னரை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் கண் தண்ணீரில் மட்டும் இருந்தது. தகடு மயிலையின் மூக்கருகே தம்மென்று அடித்ததும் அது நாலு காலும் எழும்பத் துள்ளியது, கயிற்றை உருவிக்கொண்டு டீக்கடை வரைக்கும் ஓடியது. நாலு பேர் விரட்டிப் பிடித்தார்கள். காளையின் கொம்பில் நூல் சுற்றி வெளியே வந்து விழுந்த ஸ்பின்னர் குளம்படியில் நசுங்கிக் கிடந்தது. பூபதிராஜா துண்டுக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்துவிட்டார்.

"மெரளற மாடுங்க. பந்தயத்துல ஒருத்தன் விசிலடிச்சாப் போதும், வண்டியோட கெணத்துல எறக்கிப்போடும். எனக்கு வேண்டாங்க."

மாட்டுச் சந்தையில் ஒரு குற்றத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது மாட்டுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். இனி அந்தக் காளையை உழவுக்கும் கேட்கமாட்டார்கள், வண்டிக்கும் கேட்கமாட்டார்கள். குணம் பார்க்காமல் வாங்குவது வாசலில் நிற்கும் இறைச்சி லாரி ஒன்றுதான். முத்தாத்தாளுக்கு அது தெரியும். காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். எல்லோரும் காளையைப் பார்த்தார்களே தவிர நசுங்கிய பித்தளையை யாரும் பார்க்கவில்லை. ருக்கியா பேசாமல் கடைக்குள் போயிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் குனிந்து ஸ்பின்னரை எடுத்துக்கொண்டு நேரே கூட்டத்துக்கு நடுவில் போனாள்.

"ஏனுங்க, மாட்டு மேல தப்பில்லைங்க. நாந்தான் இத வெச்சு மெரட்டிப்போட்டேன்."

குப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பூபதிராஜா தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கரண்டிக்கா இத்தாப்பெரிய காளை மெரண்டுச்சு? நல்ல கதையா இருக்குதுங்க. என்ற காளைக்குப் பக்கத்துல வெடி போட்டாலும் அசைபோடறத நிறுத்தாது."

"அப்பறமென்னங்க? அதையே தொட்டிக்குக் கொண்டாங்க. அது மெரளுதா இல்லையான்னு பாத்துப்போடலாம்."

சொன்ன பிறகுதான் ருக்கியாவுக்கு ஆழம் தெரியாமல் காலை விட்டது உறைத்தது. அந்தக் காளை அசையாமல் குடித்துக்கொண்டிருந்தால் மயிலையின் மேல் விழுந்த கெட்ட பெயருக்கு அவளே முத்திரை குத்தியது போலாகிவிடும். தன் ஸ்பின்னரைப் பற்றிக் கவலையே இல்லை என்று சொன்னால் பொய். அந்தக் கலக்கத்தில் கால்வாசி ஸ்பின்னருக்காகவும்தான்.

ஷுக்கூர் ஓடி வந்து காதோடு சொன்னார்: "கடையில இன்னும் பெருசு கெடக்குது. எடுத்தாரட்டா?"

"வேண்டாங்க. மெரட்டுனது இதுதான். இதுதான் சாட்சி சொல்லோணும்."

நசுங்கிய தகடுகளில் குழியே இல்லை. கடையிலிருந்து ஒரு பெரிய கழுத்து மணியை வாங்கி, அதன் வளைவின் மேல் தகட்டை வைத்து, லாடத்தால் தட்டினாள். எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள், மறுபடி தட்டினாள். வாயால் ஊதிப் பார்த்தாள். ஒரு தகடு சுழன்றது. இன்னொன்று சோம்பி நின்றது. நேரம் போதவில்லை. பூபதிராஜா தன் காளையின் வாயைத் தண்ணீரில் வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

ருக்கியா நூலை இழுத்து நடந்தாள். இரண்டு தகடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சும்மா இழுபட்டு வந்தன. காளை நிம்மதியாகக் குடித்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பாத்தீங்களா?" என்றார் பூபதிராஜா, எல்லோரையும் பார்த்து.

ருக்கியாவுக்குத் தலை நிமிரவில்லை. அப்போதுதான் முத்தாத்தாள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "இன்னொருக்கா இழு கண்ணு. என்ற மாடு சும்மா மெரளாது."

தன்னால் பெயர் கெட்ட மாட்டுக்குச் சொந்தக்காரி தன்னை நம்புகிறாள் என்றதும் ருக்கியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டாள். சோம்பேறித் தகட்டை எழுப்ப என்ன வழி என்று அவளுக்குத் தெரியாதா? ஸ்பின்னரைத் தொட்டியின் அந்தக் கோடியில் போட்டு, அடியில் முங்கவிட்டு, மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினாள். தகடுகள் பிரிந்தன. நூல் வழியாக அவள் விரலுக்குத் தம் தம் என்று அடி வந்தது. நடையை நிறுத்தாமல் இழுத்தாள்.

வெடிக்கு அசையாத காளை மூக்கைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்த பூபதிராஜாவும் கூடவே போனார். வெள்ளை வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்த பிறகுதான் நின்றார். முதலில் சிரித்தது அவரேதான்.

"என்ன கருமாந்திரத்தச் செஞ்சு வெச்சிருக்கிறீங்கம்மிணி! இதுக்கு யானையே மெரளுமாட்டம் இருக்குது!"

ருக்கியாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அதுவரைக்கும் கிடைத்ததில்லை. பூபதிராஜா எழுந்து, சேற்றுக் கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, மயிலையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். பிறகு குப்பண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினார். குப்பண்ணன் துண்டை விரித்தார். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, சீக்கிரமே முடிந்தது. முத்தாத்தாள் தலையை ஆட்டினாள்.

"இனிமேச் சந்தை கலைஞ்சதுக்கப்பறந்தான் தொட்டிப் பக்கம் வரோணும்" என்று குப்பண்ணன் ருக்கியாவுக்குத் தீர்ப்புச் சொன்னார். அதில் பழைய கடுப்பு இல்லை. சரிங்கண்ணா என்று அவளும் ஒத்துக்கொண்டாள். சந்தை கலைந்தபின் எந்த மாடு தண்ணீர் குடிக்க வரும் என்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

அதற்குள் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாழ்நாளில் தூண்டில் பிடிக்காதவர்கள்கூட அந்த இரட்டைத் தகட்டைக் கையில் வாங்கிப் பார்க்க முண்டினார்கள். "ஒருக்கா சுத்திக் காட்டுங்க அக்கா, சத்தத்தக் கேப்போம்" என்றான் ஒருவன். ருக்கியா சிரித்துக்கொண்டே நூலை உயர்த்தினாள். அப்போது பூபதிராஜாவின் ஆட்கள் இரண்டு காளைகளையும் சோடியாக அந்த வழியே ஓட்டி வந்தார்கள். முத்தாத்தாள் மயிலையின் பக்கத்திலேயே, அதன் திமிலில் கை வைத்தபடி, அவர்களுடைய வண்டி வரைக்கும் கூட நடந்துகொண்டிருந்தாள்.

"இருங்க, மாடு போயிரட்டும்" என்ற ருக்கியா, இரண்டு தகடுகளையும் உள்ளங்கைகளுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். காளைகள் ஏறி, வண்டியின் பின்கதவைச் சாத்துகிற வரைக்கும் அவள் கையைத் திறக்கவில்லை.