‘இவ்வாறே’ என்று எழுதிய இடம்

எண்பதுகளின் நடுவில் துவாக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். இயந்திரங்களை நேரடியாக இயக்கும் புரோகிராம்களுக்காக, உடன் வேலை பார்த்தவர் ஒரு சிறிய கணினி மொழியை உருவாக்கியிருந்தார். எழுதியதைச் சோதித்து இயந்திர மொழிக்கு மாற்றும் அவருடைய கம்பைலர் ஏற்றுக்கொள்ளும் எந்தப் புரோகிராமும், நினைவகத்தில் வேலை முடிந்து ஒருமுறை விடுவித்த இடத்தை மறுபடி தொடாது என்று கணித முறைப்படி நிரூபிப்பது என் பங்கு. ஒவ்வொரு வகைக் கட்டளையாக எடுத்து, அதற்கு முன் எல்லாம் சரியாக இருந்தால் பின்னும் சரியாகவே இருக்கும் என்று காட்ட வேண்டும். அறுபது பக்கம் ஆயிற்று.

அதை நம்பி அவர், புரோகிராம் ஓடும்போது ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கும் பகுதியையே நீக்கிவிட்டார். அப்போதுதான் பக்கத்துத் தொழிற்கூடத்தில் உலைக்கதவை ஏற்றி இறக்கும் புரோகிராம் அங்கிருந்த சின்ன நினைவகத்தில் அடங்கியது. வெள்ளிக்கிழமை காலை ஓடவிடுவதாக ஏற்பாடு. கதவுக்குக் கீழே ஆட்கள் நின்றுதான் வேலை செய்வார்கள்.

வியாழக்கிழமை நான் லீவு. பத்து மாதக் குழந்தைக்கு மூன்று நாளாக ஜுரம், அன்றுதான் விட்டிருந்தது. மத்தியானம் அவள் தூங்கியதும், டைப் அடிக்கக் கொடுக்குமுன் பக்கங்களைப் புரட்டினேன். ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு நினைவக இடத்தின் முகவரியை நகலெடுப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அடுத்தது, பல தகவல்கள் சேர்ந்த ஒரு பதிவை முழுதாக நகலெடுப்பது. அதற்கு நிரூபணமாக ஒரே சொல்: ‘இவ்வாறே’.

அது அவ்வாறு இல்லை. பதிவுக்குள் ஒரு முகவரி இருந்தால் நகலுக்குள்ளும் அது போய்விடும். மூலத்தின் வழியாக இடத்தை விடுவித்த பிறகும் நகல் அதே இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கம்பைலர் அதைக் கவனிக்காது. அந்த இடத்தில் வேறு எண் வந்து உட்கார்ந்தால் உலைக்கதவு தானாக இறங்கலாம்.

தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் படிக்கிறேனோ என்று முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். தெருமுனை மருந்துக்கடையிலிருந்து கல்லூரிக்குப் போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை. குழந்தையோ என் பாலைத் தவிர எதையும் வாயில் வாங்கவில்லை. தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

“ஜுரம் இப்பத்தான் விட்டிருக்கு. நாளைக்குப் போனா ஆகாதாம்மா?” என்றார் மாமியார்.

அவருக்கு என்ன சொல்வது? காகிதத்தில் ஒரு சொல் தப்பு என்றா?

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது அவள் நெற்றியைத் தொட்டேன். சூடாக இருந்தது. வெயிலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் மாறியபோது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால் குழந்தையை வீணாக வதைத்தவள் ஆவேன். சரியாக இருந்தால், அதை நினைக்கவே முடியவில்லை.

கல்லூரியில், கம்பைலர் எழுதியவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இந்த அறுபது பக்கத்தை வச்சு ஒரு வருஷமா என்னை மிரட்டினீங்க. இப்ப நீங்களே இல்லைங்கறீங்க.”

ஆறு வரிப் புரோகிராம் ஒன்றைச் சொன்னேன். அவர் டைப் செய்தார். கம்பைலர் ஒரு பிழையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. இருபத்தைந்து வர வேண்டிய இடத்தில், வேறு எதற்கோ வைத்திருந்த எண் வந்தது. இன்னொரு முறை ஓட்டினார். அதே எண். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

எழுந்து போய்த் தொழிற்கூடத்துக்குப் போன் செய்தார். நிறுத்திவைக்கச் சம்மதித்தார்கள். திரும்பி வந்து என் காகிதங்களை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னும் எத்தனை இடத்துல இப்படி எழுதியிருக்கீங்க?”

எண்ணினோம். ஒன்பது. எல்லாமே குழந்தை பிறந்த பிறகு எழுதிய பக்கங்கள்.

“அதெல்லாம் சரியா இருக்குமா?”

தோளில் கிடந்த குழந்தை அனலாகக் கொதித்தாள். இந்தத் தடவை வெயில் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

“தெரியலைங்க” என்றேன்.