ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் பனி

1. பேசாமல் இருக்கும் வேலை

சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுபோகும் வேலையில் சேர்ந்த முதல் நாள், புதுக்கோட்டையில் கடை வைத்திருந்த முதலாளி ஒரே ஒரு விதிதான் சொன்னார். "போற எடத்துல வாயத் தொறக்காத. பொட்டிய எறக்கு, பிளக்கச் சொருகு, ஓரமா நில்லு." நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று நினைத்தேன்.

ஓரமாக நின்ற நேரங்களில்தான் கதை யோசிக்கப் பழகினேன். பேய்க்கதை, வேறு கிரகத்துக் கதை. சில சிறு பத்திரிகைகளில் வந்தன. அதற்குப் பிறகு நிம்மதி போனது. மாலை போட வந்தவர்கள்கூட என்னைத் தனியே அழைத்து, எத்தனை பேய் பார்த்திருக்கிறேன் என்று கேட்பார்கள். பத்தடி தள்ளி ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பாள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒயரைச் சுருட்டப் போய்விடுவேன்.

புதிதாக எழுத வருகிறவர்களும் இதையே கேட்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பேயையும் பார்த்ததில்லை.

2. தாமதமாக வந்த குரல்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு தாயார் இறந்துவிட்டார். மகன் சிங்கப்பூரில். லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் முகத்தைக் காட்டச் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் கை நடுங்கியதால் போனைக் கண்ணாடிக்கு மேலே நான்தான் பிடித்தேன். சிக்னல் சரியில்லை. அவர் வாய் அசைந்து முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் "ஆத்தா" என்ற சத்தம் வந்து சேர்ந்தது.

அந்த இடைவெளி என் மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பிடித்து இழுத்து நீட்டினேன். வேறு கிரகத்தில் இருக்கும் மகன் கூப்பிடுகிறான். குரல் வந்து சேரும்போது பூமியில் தாய் இல்லை, வீடும் இல்லை. என் முதல் விஞ்ஞானக் கதை அது. இதில் பேய் எங்கே இருக்கிறது?

3. மூச்சு

கந்தர்வக்கோட்டைக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு ஊர். நான் கொண்டுபோன பெட்டியில் மூடியின் தலைமாட்டு ரப்பர் பிய்ந்திருந்தது. மாற்றச் சொல்லி முதலாளியிடம் பலமுறை கேட்டுவிட்டேன். "செத்தவருக்கு ஜலதோசமா புடிக்கப்போவுது? டேப்ப ஒட்டி ஓட்டுய்யா" என்று சிரித்தார். அன்று ஈரத்தில் டேப்பும் பிரிந்துவிட்டது.

ரப்பர் பிய்ந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க் கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும். கம்ப்ரஸர் ஓடும்போது உள்ளே இருக்கும் ஃபேன் அதைக் கலைக்கும். நின்றதும் மறுபடி படியும். அன்று அது இறந்த பெரியவரின் மூக்குக்கு நேர் மேலே படிந்தது. படிந்தது, கலைந்தது, படிந்தது.

திருப்பூரிலிருந்து மதியம் வந்து சேர்ந்த மகள் மலர்க்கொடி அதைப் பார்த்துவிட்டாள். அப்பாவுக்கு மூச்சு வருகிறது, தூக்க விடமாட்டேன் என்று பெட்டிமேல் கவிழ்ந்துகொண்டாள். டாக்டர் காலையிலேயே பார்த்துவிட்டுப் போனதை அவளுடைய அண்ணன் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் பயந்து பின்னால் நகர்ந்தார்கள்.

அதற்குள் யூடியூப் சேனல் நடத்தும் உள்ளூர்க்காரர் ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இறந்தவர் மூச்சு விடும் அதிசயம்" என்று பேசிக்கொண்டே படம் பிடித்தவர், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, நீங்கதான் ஆவிக் கத எழுதுறவராம்ல. இதுக்கு எனக்கே வெளக்கம் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

"தெரியுமே" என்றேன்.

"தெரிஞ்சா என்னண்ணே. நீங்க எழுதுறதும் பொய்தான?"

ஒதுங்கிப் போய் முதலாளிக்குப் போன் செய்தேன். பெட்டி லீக் என்று வாயைத் திறந்தால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார். ஒரு முழ ரப்பருக்காக ஒருவர் என்னைப் பேசாதே என்கிறார். அதையே வியாபாரமாக்க இன்னொருவர் பேசு என்கிறார். நடுவில் அந்தப் பெண் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சேனல்காரரிடம் திரும்பி வந்தேன். 

"போன எறக்குய்யா" என்றேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, அது மூச்சு இல்ல. எங்க பொட்டியில கோளாறு. வெளிக்காத்து உள்ள போவுது. இங்கிட்டு வெரல வச்சுப் பாருங்க."

பிய்ந்த இடத்தில் விரலை வைத்தாள். உள்ளிருந்து காற்று சில்லென்று கசிந்தது. விரலை எடுக்கவே இல்லை. அழுகை மட்டும் நின்றுவிட்டது.

எனக்கு வேலை போனது. நான் பேசியதை வெட்டிவிட்டு அந்த வீடியோவைப் போட்டார்கள், இன்றும் ஓடுகிறது. எடுக்கச் சொல்லி நேரில் போய்க் கேட்டேன். நல்ல வியூஸ் போகிறது என்று சேனல்காரர் பல்லைக் காட்டினார். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் இங்கே சொல்ல வந்தது அது இல்லை.

அன்று இடுக்கை அடைக்கப் புது டேப்பை எடுத்தேன். மலர்க்கொடி என் கையைப் பிடித்தாள்.

"இப்ப ஒட்டாதீங்கண்ணே. தூக்குற வரைக்கும் இருக்கட்டும். பொய்யின்னு எனக்குத் தெரியுதுல்ல. சும்மா பாத்துக்கிறேன்."

கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. பனி கலைய ஆரம்பித்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் யாருக்கும் தெரியாமல் மூடியை இறுக்கும் தலைமாட்டுக் கொக்கியைக் கொஞ்சம் தளர்த்தி, வெளிக்காற்று இன்னும் உள்ளே போக விட்டேன். பனி மறுபடி படிந்தது.

எழுத வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த பாடம் இதுதான். அந்தச் சேனல்காரர் சொன்னது சரி, நான் எழுதுவது பொய்தான். ஆனால் பொய் என்று தெரிந்தே கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் அதைச் சொல்கிறேன்.