விசாலாக்ஷியின் குளமும் பத்ரியின் பார்க்கிங்கும்

மும்பை செம்பூரில் அந்தக் குடியிருப்புக்கு நடுவே ஒரு சின்னக் குளம். அதில் ஆகாயத்தாமரையை மிதக்கவிட்டவள் விசாலாக்ஷி மாமியேதான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. டெலிபோன் ஆபீசில் ரிடையராகி, கணவர் ஜகந்நாதனும் போய்ச் சேர்ந்தபின், சாயங்காலம் போய் உட்கார அவளுக்கென்று மிஞ்சியது அந்தக் கரைதான். ஊதாப்பூ அழகாக இருக்கிறதே என்று நெருளில் ஒரு நர்சரியிலிருந்து ஒரே ஒரு செடி வாங்கி வந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் செடி மூடித் தண்ணீரே கண்ணில் படவில்லை. மீன்கள் செத்து ஒதுங்கின. கொசு வீட்டுக்கு வீடு குடியேறியது.

குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரி பத்ரிக்கு இது போதாதா? பொதுக்கூட்டத்துக்குள் குளம் சுத்தமாகாவிட்டால் மண்ணைக் கொட்டி மூடி, கார் நிறுத்த இடமாக்கிவிடுவோம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டான்.

விடிந்தால் போதும், வீட்டு வேலைக்கு வரும் பானுமதியும் மாமியுமாக நீளக் கம்பில் கொக்கி கட்டிச் செடியை இழுப்பார்கள். ஒரு பக்கம் கரையேற்றினால் மறுபக்கம் குட்டி போட்டு நிற்கும். பிறகு மாமி குளித்து, பூஜை முடித்து, நிர்மால்யப் பூவையும் அபிஷேகப் பாலையும் யார் காலிலும் படாத இடமென்று குளத்திலேயே விடுவாள். பல வருஷ வழக்கம். பக்கத்து ஃபிளாட் சுஷ்மாவையும் இன்னும் நாலைந்து வீட்டாரையும் பழக்கிவிட்டதே அவள்தான்.

கூட்டம் நெருங்கிய ஒரு காலையில், பூவைக் கொட்டப்போன கை அப்படியே நின்றது. மற்ற இடத்தில் இலை உள்ளங்கையளவு. இந்த மூலையில் அப்பளத்தளவு. பாலும் பூவும் அழுகி அந்தச் சனியனுக்குத் தீனியாகியிருக்கிறது. பிடுங்கிப் போட்ட கையாலேயே சோறும் போட்டு வளர்த்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டாள். அதற்காகச் சாமி பூவைக் குப்பையிலா போடுவது? தட்டும் கையுமாக வெகுநேரம் தவித்தாள். கடைசியில் மொட்டைமாடித் தொட்டியில் கொட்டி மேலே மண்ணைத் தள்ளினாள். மற்ற வீடுகளுக்கும் படியேறிப் போய், குளத்தில் பூவை விடாதீர்கள் என்று கெஞ்சினாள். சுஷ்மா முகத்தைச் சுளித்தாலும் கேட்டுக்கொண்டாள். தீனி நின்றதும் இழுத்த இடத்தில் செடி மறுபடி பரவவில்லை.

குளக்கரையிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம்; அன்று குளத்தில் ஓர் இலைகூட இல்லை. மாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. பத்ரி எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“நன்னா க்ளீன் பண்ணிட்டேள் மாமி. மூடறவாளுக்கு வேலை மிச்சம். நாளைக்கே லாரி வரச் சொல்லியாச்சு.”

நோட்டீஸெல்லாம் கண்துடைப்பு, அவன் எப்போதோ முடிவு செய்துவிட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காதவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். தண்ணீர் இடுப்புவரை வந்தது.

“லாரியை இப்பவே கூப்பிடுடா பத்ரி,” என்றாள். “நான் இங்கேயே நிக்கறேன். கொட்டச் சொல்லு.”

பத்ரி போனை எடுத்தான், யாரையும் கூப்பிடவில்லை. சுஷ்மா எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்துப் படியில் கால் வைத்தாள்.