நீலக்கோடு போட்ட காலுறை

என் லாக்கரின் மேல்தட்டில் ஒரு ஜோடி காலுறைக்கு இடம் உண்டு. வெள்ளை நிறம், விளிம்பில் நீலக்கோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. ஆனால் அதன் பாதம் அகன்று, குதிகால் பக்கம் நூல் இழுபட்டுப் போயிருக்கும். ஆயுள் முழுக்கச் சேற்றில் நடந்த ஒரு விவசாயியின் கால்கள் சில நாட்கள் அதற்குள் இருந்தன.

எங்கள் குடும்பத்தில் காலுறை போட்ட முதல் ஆள் நான். மன்னார்குடிப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும்தான் அம்மாவும் அப்பாவும் என்னைப் படிக்கவைத்தார்கள். இன்று தஞ்சாவூரில், இதய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அந்தக் காலுறையை வாங்கி வந்தவர், அறுவை முடிந்து படுத்திருந்த விவசாயியின் அக்கா. பூம்புகார் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊர்களுக்கும் பாய்ந்து, மிச்சம் இருந்தால்தான் அவர்கள் வாய்க்காலுக்கு வரும். தம்பியை வளர்த்தது, நிலத்தைப் பார்த்தது, தண்ணீர் வராத நாட்களில் மதகடிக்குப் போய்ச் சண்டை போட்டது எல்லாம் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். மதகில் பெயிண்டால் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துப் பார்த்துப் பழகியவை.

இதய அறுவைக்குப் பிறகு சிலருக்கு இரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடும். இரத்த அழுத்தம் தானாக நிற்காது. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு மருந்தைக் கழுத்து இரத்தக்குழாய் வழியாகச் சிறு மோட்டார் ஒன்று இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். எவ்வளவு போகிறது என்று அதன் திரையில் பச்சை எண் ஒளிரும். மருந்து குழாய்களை இறுக்குவதால் கைகால்கள் சில்லிட்டுப் போகும். முதல் நாள் பார்வை நேரத்தில் உள்ளே வந்த அக்கா தம்பியின் பாதத்தைத் தொட்டுவிட்டு, "என்ன சிஸ்டர், ஐஸ் கட்டியா இருக்கு?" என்று கேட்டார். வெளியே போய்க் காலுறையோடு திரும்பினார். எதிர்க்கடையில் பள்ளிக்கூடக் காலுறைதான் இருந்ததாம்.

மறுநாள் காலையில் தம்பியின் இரத்த அழுத்தம் இறங்கியது. பெரிய டாக்டர் வந்து மருந்தைக் கூட்டினார். பார்வை நேரத்தில் அக்கா அந்தப் பச்சை எண்ணைப் பார்த்தார். சற்று நேரத்தில் ஒரு தார் வாழைப்பழம் வந்து இறங்கியது. காத்திருக்கும் இடத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, வீட்ல நிச்சயதார்த்தமா?" என்றார் வாட்ச்மேன்.

"எந்தம்பிக்கு மருந்தக் கூட்டியிருக்காங்கய்யா. மாதா கண்ணத் தொறந்துட்டா. நீ பழத்தத் தின்னு."

எனக்கும் ஒரு பழம் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது. "கூட்டினா நல்லதுன்னு இல்லக்கா. அவரால தானா தாங்க முடியலைன்னு அர்த்தம்."

"கடைமடைக்காரிகிட்ட வந்து, தண்ணி கூட வந்தா கெடுதல்ங்கிறியா?" என்று சிரித்தார். நான் அந்தப் பழத்தைச் சாப்பிடவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் தம்பி தேறினார். எண் இறங்கத் தொடங்கியது. எங்களுக்கு நிம்மதி. ஆனால் ஒரு மாலை அக்கா என்னை வாசலில் மறித்து நின்றார். கையில் செபமாலை. முகத்தில் சிரிப்பில்லை.

"பத்து எட்டாச்சு, எட்டு அஞ்சாச்சு. மதகையும் இப்புடித்தான் எறக்குவானுங்க, சத்தமே இல்லாம. விடிஞ்சு போய்ப் பார்த்தா வாய்க்கால் காஞ்சு கெடக்கும். கைவிட்டுட்டீங்கன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. மெட்ராஸ் கொண்டுபோறோம்."

மருந்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் அத்தனை தூரம் கொண்டுபோனால் வழியிலேயே எதுவும் நடக்கலாம். பெரிய டாக்டர் இன்னொரு அறுவையில் இருந்தார். படித்த பாடம் எல்லாம் என் நாக்கில் ஆங்கிலத்தில் நின்றது. அதை விட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பேச்சை எடுத்தேன்.

"அறுப்புக்கு முன்னாடி வயல்ல தண்ணிய நிறுத்தி வைப்பீங்களாக்கா?"

"வடிச்சிடுவோம். அதுக்கென்ன இப்ப?"

"ஏன் வடிக்கிறீங்க? பயிரக் கைவிட்டுட்டா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

"நட்டு அறுக்குற வீட்டுப் பொண்ணுதான்."

"அப்ப ஒனக்கே தெரியுமே. அவசரப்பட்டு வடிச்சா பதராப் போயிடும்."

"தெரியும். அதான் கொஞ்சங் கொஞ்சமா வடிக்கிறோம். கொறைக்கிற நேரமெல்லாம் நான் பக்கத்துலயே நிக்கிறேன். நீங்க வாங்க, வந்து தொட்டுப் பாருங்க."

உள்ளே அழைத்துப் போனேன். தம்பி கண் மூடிக் கிடந்தார். போர்வையை விலக்கி ஒரு காலுறையைக் கழற்றினேன். வெடித்த குதிகால், நகக்கண்ணில் போகாத சேற்றுக்கறை. என் அப்பாவின் கால் மாதிரியே இருந்தது. அக்கா உள்ளங்கையை அந்தப் பாதத்தில் வைத்தார். எடுக்கவே இல்லை. பச்சை எண்ணைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"சுடுதே," என்றார், மெதுவாக.

தம்பி கண்ணைத் திறந்து, "கூசுதுக்கா, கைய எடு," என்று முனகினார்.

அக்கா வெளியே போய்த் தன் மகனுக்குப் போன் போட்டு, "ஆம்புலன்ஸ் வேணாம்டா. வடிஞ்சுக்கிட்டுருக்கு," என்றார். அவனுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. மறுநாள் காலையில் அந்த மோட்டாரை நிறுத்தியபோது அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தேன். பச்சை எண் அணைந்தது. அவர் கை தம்பியின் காலில் இருந்தது.

வீட்டுக்குப் போகும் அன்று காலுறையைத் துவைத்து மடித்து என்னிடம் கொடுத்தார். "இதப் போட்டுக்கிட்டு சேத்துலயா எறங்குவான்? நீயே வச்சுக்க."

அதன் பிறகு எத்தனையோ நோயாளிகளைப் பார்த்துவிட்டேன். திரையைப் பார்ப்பதற்கு முன் பாதத்தைத் தொடுவது வழக்கமாகிவிட்டது. எண் இறங்கும்போது வாசலில் முகம் வெளிறி நிற்பவர்களையும் உள்ளே கூட்டிவந்து தொடச் சொல்கிறேன். பெரிய டாக்டர் முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே அவர்களை என்னிடம் அனுப்பிவைக்கிறார்.

இதை எழுதும்போது அந்தக் காலுறை லாக்கரில் இல்லை. நேற்று ஓர் அம்மா, அறுவை முடிந்த தன் கணவரின் கால் சில்லிட்டுக் கிடக்கிறது என்று அழுதார். கணவருக்கு ஓடும் மருந்தின் எண் இன்னும் இறங்கவில்லை. காலுறையை எடுத்து நானே போட்டுவிட்டேன்.

"இது எப்பங்க திருப்பித் தரணும்?" என்று கேட்டார்.

"கால் சுட்டதும் குடுங்க," என்றேன்.

லாக்கரின் மேல்தட்டில் வேறு எதையும் வைக்காமல் காத்திருக்கிறேன்.