திரும்ப வராத முடிவு

ஆராய்ச்சியில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நீலத் தண்ணீர் என் கண்ணெதிரே வெளுத்தது.

நான் காரைக்குடியில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். பார்க்க முகப்பவுடர் மாதிரிதான் இருக்கும். சாயத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு, புற ஊதா விளக்கின் கீழே கலக்கிக்கொண்டே இருந்தால், அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு துகள்கள் சாயத்தைச் சிதைக்கும். வழக்கமாக இரண்டு மணி நேரமாவது ஆகும். அன்று நாற்பது நிமிடத்தில் பீக்கருக்கு அந்தப்பக்கம் வைத்திருந்த என் நோட்டின் எழுத்துகளைப் படிக்க முடிந்தது.

என் வழிகாட்டி வந்து பீக்கரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருக்குத் திருச்சிப் பக்கம். அதிகம் பேசமாட்டார்.

"இன்னொரு தடவை செஞ்சிட்டு எங்கிட்ட வா," என்றார்.

செய்தேன். வரவில்லை. நடுவில், துகளைச் சுட்டெடுக்கும் உலை பழுதாகி இரண்டு வாரம் சும்மா கிடந்தது. அது சரியானதும் புதிதாகத் துகள் தயாரித்தேன். அதே துத்தநாக உப்பு, அதே எடை, அதே ஐந்நூறு டிகிரி, அதே மூன்று மணி நேரம். தண்ணீர் இரண்டு மணி நேரம் கழித்தும் வெளிர்நீலமாகவே நின்றது. அடுத்ததும் அப்படியே. பதினான்கு முறை செய்தேன். உப்புப் புட்டியை மாற்றினேன், விளக்கை மாற்றினேன், காய்ச்சி வடித்த தண்ணீரை வேறு துறையில் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். ஆனால் முதல் தடவை செய்ததில் சின்னக் குப்பியில் மீந்திருந்த பவுடரைப் போட்டால் மட்டும் நாற்பதே நிமிடத்தில் வெளுத்தது. அது பொய்யில்லை என்று அந்தக் குப்பிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். குப்பியிலும் குறைந்துகொண்டே வந்தது. இன்னொரு சோதனைக்குப் போதாமல் அடியில் கொஞ்சம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தபோது, இனி இதைத் தொடுவதில்லை என்று மூடி டேப் சுற்றிவைத்தேன்.

அந்த வருட ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். பெரிய படிப்பாளி. என் முதல் வரைபடத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எத்தனை தடவை வந்தது?"

"ஒரு தடவைதான் ஐயா."

"மத்ததெல்லாம்?"

"வரலை."

அவர் என் வழிகாட்டியைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. "பிள்ளைங்க ஆசையில சில சமயம் இப்படி ஒண்ணு எழுதிடுவாங்க. இதை எடுத்துடச் சொல்லுங்க. மிச்சத்தை வச்சு முடிச்சிடலாம்."

எடுத்துவிட்டால் அடுத்த வருடமே பட்டம் வந்துவிடும் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஆசையில எழுதலை ஐயா," என்றேன். "அது ஏன் திரும்ப வரலைன்னு எனக்கு இன்னும் தெரியலை. தெரியாம அதைக் கட்டுரையா எழுதமாட்டேன். தெரியாம அதை எடுக்கவும் மாட்டேன்."

வெளியே வந்ததும் வழிகாட்டி வராந்தாவில் நின்றார். "அவர்கிட்ட அப்படிப் பேசணுமா?" என்றார். பிறகு, "ஆறு மாசம் தர்றேன். அதுக்கு மேல என்னால உன்னைத் தாங்கிப் பேச முடியாது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த வாரக் கடைசியில் திருப்பத்தூரில் பஸ் மாறி ஒக்கூருக்குப் போனேன். வீட்டில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். என் படிப்பைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "கலர்த் தண்ணிய வெள்ளத் தண்ணியாக்க எத்தன வருசந்தான் படிப்பீக?" என்று எல்லோர் முன்னாலும் மரியாதை போட்டுக் கேட்டுச் சிரிப்பார். வழக்கமாக நானும் சிரித்துவிடுவேன். அன்று சிரிக்கவில்லை.

"ஆகுற வரைக்கும் படிப்பேன் பெரியப்பா," என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா மட்டும், மோட்டார் ரூமுக்குக் கிளம்பியவர், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "ஒரு தடவ ஆச்சுல்ல ஆத்தா?"

"ஆச்சுப்பா."

"அப்ப சரி," என்று போய்விட்டார். அவருக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பி வந்ததும், தொடுவதில்லை என்று வைத்திருந்த குப்பியின் டேப்பைப் பிரித்தேன். கடைசித் துளி பவுடரை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கக் கொடுத்தேன். துகள் எவ்வளவு சிறியது என்பதை அந்தக் கருவியில் வரும் கோடுகளின் அகலம் சொல்லிவிடும். அகலம் கூடினால் துகள் சிறியது; துகள் சிறுத்தால் சாயம் சீக்கிரம் சிதையும். பழைய பவுடரின் கோடு, புதியதைவிட நன்றாகவே அகன்றிருந்தது. ஒரே சூட்டில் வெந்தவை இப்படி இருக்காது. சூடு கூடினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். அப்படியென்றால் முதல் பவுடர் குறைந்த சூட்டில் வெந்திருக்கிறது. ஆனால் என் நோட்டில் என் கையெழுத்தில் ஐந்நூறு என்றுதான் இருந்தது.

உலையைப் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. சாக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். டிப்ளமா படித்தவர், ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பித்தால்தான் உண்டு. அவரிடம் போய், "அக்கா, அன்னைக்கு உலை ரிப்பேரானப்ப என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எதுக்குக் கேக்குறீக?"

சொன்னேன். நோட்டைக் காட்டினேன், இரண்டு வரைபடங்களையும் காட்டினேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உள்ள சூடு அளக்குற கம்பி ஒண்ணு இருக்கும்ல. அது வளைஞ்சு, சூடேத்துற சுருள்கம்பி இருக்குல்ல, அந்தக் காயிலோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. காயில் பக்கம்தான் சூடு அதிகம். அதனால வெளிய ஐநூறு காட்டும், உங்க கிண்ணம் இருக்குற எடத்துல அம்புட்டு இருக்காது. புதுக் கம்பிக்கு எழுதிக் குடுத்தா எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? வேலைக்காகாம மூலையில கெடந்த இன்னொரு உலையில இருந்து கழட்டி மாட்டிட்டேன். யாருகிட்டயும் கேக்கல."

என் பதினான்கு முயற்சிகளும் அந்தக் கம்பியில் இருந்தன. கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, புதுப்பிக்கும் மாதம் பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்தது.

மறுநாள் இயற்பியல் துறையில் கையில் பிடித்து அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, கிண்ணம் இருக்கும் இடத்திலேயே சூட்டை அளந்தோம். அக்காவே பழைய கம்பியைத் தேடியெடுத்து, முன்பிருந்த மாதிரி வளைத்து மாட்டினார். திரை ஐந்நூறு காட்டியது. உள்ளே நானூறுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பிறகு நல்ல கம்பியை மாட்டி, நானூறில் வைத்து, புதுத் துகள் தயாரித்தேன்.

தண்ணீர் நாற்பத்தைந்து நிமிடத்தில் வெளுத்தது. திரும்பவும் செய்தேன். அதேதான். ஐந்து முறை செய்தேன். ஐந்தாம் தடவை அக்காவும் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்தார்.

எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. கம்பி மாறியதை மறைத்தால் முதல் முடிவு ஏன் வந்தது என்று சொல்ல முடியாது. சொன்னால், யார் மாற்றியது என்று கேட்பார்கள். "தற்செயலா நானூறுல செஞ்சு பாத்தேன்னு எழுதிரவா அக்கா?" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆறு மாதம் முன்னால் அந்த மனிதரிடம் அப்படிப் பேசியவள் நான்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் திருடவா செஞ்சேன்? தப்பாக் காட்டிக்கிட்டு இருந்ததைச் சரியாக் காட்ட வச்சேன். எழுதுங்க. கேட்டா நானே வந்து சொல்றேன்."

அடுத்த கூட்டத்தில் அதே பேராசிரியர் கேட்கத்தான் செய்தார். அக்கா கம்பியைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். மேஜை மேல் வைத்து, எங்கே வளைந்திருந்தது என்று விரலால் காட்டினார். "அனுமதி கேக்காம மாத்துனது நான்தான் சார். கேட்டிருந்தா இந்நேரம்கூட உலை ஓடியிருக்காது," என்றார். பேராசிரியர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. வரைபடத்தை மட்டும் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு, "இதெல்லாம் சுத்தமான தண்ணி. நிஜச் சாயத் தண்ணியில?" என்றார்.

அதையும் செய்திருந்தேன். நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றிலிருந்து இரண்டு கேன் கழிவு நீர் கொண்டுவந்து பார்த்ததில், நான்கு மணி நேரத்திலும் பாதிதான் வெளுத்தது. அதில் உப்பும் சோப்பும் வேறு என்னென்னவோவும் இருக்கும். துகள்கள் திணறிப்போகும். அந்தப் படத்தை நானே அடுத்ததாகத் திரையில் போட்டேன்.

"இதையும் கட்டுரையில சேர்க்கப் போறீங்களா?"

"சேர்ப்பேன் ஐயா."

"சேர்த்தா நல்ல பத்திரிகையில எடுக்கமாட்டாங்க."

"எடுக்காட்டி வேற பத்திரிகைக்கு அனுப்புவேன்."

என் வழிகாட்டி கீழே குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

பேராசிரியர் சொன்னது சரிதான். இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதாக, பலருக்கும் பெயர் தெரியாத ஒரு பத்திரிகையில் வந்தது. கடைசிப் பத்தியில் நன்றி சொல்லும் இடத்தில் அக்காவின் பெயரைப் போடத்தான் நினைத்தேன். வழிகாட்டி அதை அடித்துவிட்டு, கட்டுரையாசிரியர் பட்டியலில் எனக்கும் அவருக்கும் நடுவில் எழுதினார். அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. காரணம் எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

எனக்குப் பட்டம் கிடைக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. இப்போது அதே துகளில் இன்னொரு உலோகத்தைக் கொஞ்சம் சேர்த்து, பட்டறைத் தண்ணீரை முழுதாக வெளுக்கவைக்கப் பார்க்கிறேன். நேற்றுவரை முக்கால்வாசி வந்திருக்கிறது.