ஏற்றப் பந்து ஜம்புலிங்கம்

வலது கையில் இருக்கும் மட்டையால் பந்தை ஓங்கி அடிக்கிறார். பந்து கயிற்றோடு போய், வளைந்து, இடது காதோரமாகத் திரும்பி வருகிறது. இடது கை அதை லபக்கென்று பிடித்துக்கொள்கிறது. மறுபடி விடுகிறார், அடிக்கிறார், பிடிக்கிறார். மேனாம்பேட்டில் கத்தரிச் செடிகளுக்கு நடுவே, கிணற்றங்கரையில் ஜம்புலிங்கம் இப்படி நின்றுகொண்டிருந்தால் பொழுது விடிந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் இறைக்க வேண்டிய ஏற்றத்தின் நுனியில் தண்ணீர் மொள்ளும் சால் இல்லை. அந்த இடத்தில் ஒரு மஞ்சள் பந்து தொங்குகிறது.

பூப்பந்தாட்டத்தைப் பற்றி அம்பத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய கம்பளிப் பந்து. அதைக் கீழே விழவிடாமல் மட்டையால் மாற்றி மாற்றி அடிக்கவேண்டும், கையால் தொடக் கூடாது, அவ்வளவுதான். ஆபீஸ் விட்டு ரயிலில் வந்து இறங்குகிற குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் தினமும் சாயங்காலம் இதை ஆடுகிறார்கள். நான் ஆடுவதில்லை. ஸ்கோர் போடுகிறேன். ஓட முடியாத ஆசாமிகளுக்கு அந்த உத்தியோகத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவது வழக்கம்.

ஜம்புலிங்கத்துக்குக் குமாஸ்தா வேலையும் இல்லை, வாத்தியார் வேலையும் இல்லை. கத்தரியும் கீரையும் பயிர் செய்கிறார். ஆள் நல்ல உயரம். நடக்கும்போது பார்வை எப்போதும் மரக்கிளைகளில்தான் இருக்கும். எதை எங்கே தொங்கவிடலாம் என்று பார்க்கிறாராம். அவர் கையைப் பிடித்தால் நமது கையில் மஞ்சள் ஒட்டும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. அவருடைய இடது உள்ளங்கை மட்டும் மஞ்சளாக இருக்கிறது.

காரணம் கேட்டேன். யுத்தம் வந்த பிறகு கடையில் கம்பளிப் பந்து கிடைப்பதில்லை அல்லவா? அவர் மாமனாரின் மப்ளரைப் பிரித்து, நூலை இறுக்கிச் சுற்றி, மேலே தைத்து, மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பந்து செய்துவிட்டார். மார்கழிக் குளிரில் மாமனார் வந்து, "மப்ளரு எங்க மாப்ளே?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை ஏற்றத்தைக் கை காட்டியிருக்கிறார். பெரியவர் அண்ணாந்து பார்த்தாராம். பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை என்று கேள்வி.

எனக்கு மட்டும் என்ன விளங்கியது? அந்த யந்திரத்தை எனக்குப் பலமுறை விளக்கிவிட்டார். ஏற்றமரத்தின் பின்முனையில் கல் கட்டியிருக்கிறது. கூடவே கீழே ஒரு மிதிகயிறு. காலால் மிதித்தால் மரத்தின் மூக்கு மேலே போகும், பந்து உயரமாக வரும். காலைத் தளர்த்தினால் பந்து தாழ்வாக வரும். அது வரைக்கும் சரி. "இப்ப நீ அட்ச்சினா அது ஒன்னாண்டயே வந்துகினு இருக்கும் அண்ணாத்தே. எதிர்ல ஆளே வாணாம்" என்றார். எதிரில் ஆள் வேண்டாம் என்றால் அது என்ன ஆட்டம் என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மைதானத்துல ஏரிக் காத்து வேற கீது. அதுக்கும் வழி பண்ணிட்டேன்" என்று ஒரு நாள் கொல்லன் பட்டறையிலிருந்து துருத்தியைக் கொண்டுவந்து மனைவி வடிவின் கையில் கொடுத்திருக்கிறார். அவர் அடிக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் பக்கவாட்டில் நின்று பந்தின் மேல் காற்று ஊத வேண்டும். வடிவு ஒரே ஒரு தடவை ஊதினார். பந்தின் மேல் அல்ல, புருஷன் முகத்தின் மேல். துருத்தி அன்றைக்கே பட்டறைக்குத் திரும்பிவிட்டது.

"இந்தாளு ஏத்தத்துல பந்தக் கட்டிக்கினு ஆடுது. நானு கத்திரிச் செடிக்கு கொடத்துல மொண்டு மொண்டு ஊத்திக்கினு கீறேன். கேட்டா பொறு, பொறுன்னுது" என்று என்னிடம் முறையிட்டார் வடிவு. ஆனால் பேசிக்கொண்டே அந்த அம்மாள் மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது அடுத்த பந்துக்கான நூல்.

கயிற்று விஷயம் தனி. முதலில் காற்றாடி மாஞ்சா நூலில் பந்தைக் கட்டினார். விரலில் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டியது. பிறகு சணல். அது முறுக்கேறிப் பந்தைப் பம்பரமாகச் சுழற்றியது. கடைசியில் தம் இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றையே அவிழ்த்து, அதே கறுப்புக் கயிற்றில் இன்னும் கொஞ்சம் வாங்கி முடிபோட்டுத் தொங்கவிட்டார். அது வழுவழுவென்று சொன்னபடி கேட்டது. "அர்ணாக் கவுறு இல்லாத இடுப்பும் ஒரு இடுப்பா?" என்று வடிவு ஒரு வாரம் பேசவில்லை. ஒரு தொல்லை மட்டும் பாக்கி இருந்தது. அடித்த பந்தைத் திரும்பி வரும்போது பிடிக்காவிட்டால் அது மரத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே அடி, பிடி. அடி, பிடி. இதுதான் அவருடைய சாதகம்.

இவ்வளவும் எதற்காக என்று கேட்டதற்கு மட்டும் அவர் நேராகப் பதில் சொன்னார். "அந்த அஞ்சு பேர்ல நானும் ஒருத்தனா கோட்டுக்குள்ள நிக்கணும் அண்ணாத்தே. வேற இன்னா?"

அவரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். முன்பு ஒரு காலத்தில் சேர்த்திருந்தார்கள். அடி பிரமாதமாக இருக்கும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் அவருக்கு யோசனை வந்துவிடும். பந்து காற்றில் ஒரு தினுசாகத் திரும்பினால், அதை அடிக்காமல் விழவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டு, "இரு சார், இது இன்னாத்துக்கு இப்டி திரும்பிச்சு?" என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். மற்ற ஒன்பது பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் காப்டன் ராஜசேகரன் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளைகளையே அவருக்குப் பிடிக்காது. நாலாவது தடவை ஜம்புலிங்கம் குந்தியபோது வெளியே அனுப்பிவிட்டார்.

இந்தப் பொங்கலுக்குப் பூந்தமல்லிக்காரர்களோடு பந்தயம். அதற்கு முந்தின வாரம் எங்கள் ஐந்தாவது ஆளான கங்காதரன், ஆவடியில் பட்டாளத்துக்கு எழும்பும் கொட்டகை வேலையில் மேஸ்திரியாகப் போய்விட்டார். ராஜசேகரன் ஊரெல்லாம் ஆள் தேடினார். கடைசியில் வேறு வழியில்லாமல் மேனாம்பேட்டுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

ஏற்றத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். ஒவ்வொரு அடியும் சுத்தமாக விழுந்தது. ராஜசேகரனின் முகம் மலர்ந்தது.

"ஜம்பு, உன்னைச் சேத்துக்கிறேன். ஆனா ஒரே ஒரு நிபந்தனை. கோட்டுக்குள்ளே வந்தா யோசிக்கக் கூடாது. பந்து வந்தா கை பாட்டுக்கு வேலை செய்யணும். புரியுதா?"

"சரி சார். யோசிக்கல சார்."

வடிவு மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். ஜம்புலிங்கம் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தாமே செய்த பந்தோடு வந்து சேர்ந்தார். பூந்தமல்லிக்காரர்களிடம் இருந்த ஒரே பந்து பிசிறு பிசிறாகப் போயிருந்தது. அதனால் ஜம்புலிங்கத்தின் பந்தை வைத்தே ஆட ஒப்புக்கொண்டார்கள்.

என்ன ஆட்டம் ஆடினார் என்கிறீர்கள்! யோசனை என்பதே இல்லை. பந்து திரும்பினாலும் சரி, நெளிந்தாலும் சரி, ஒரு முறைகூடக் குந்தவில்லை. ஏரிக் காற்றில் மற்றவர்கள் தடுமாற, அவர் ஒருவர் மட்டும் விளாசிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் சமமாக வந்து, கடைசி ஒரு பாயிண்டில் பந்தயம் நின்றது.

பூந்தமல்லிக்காரர் வேகமாக அடித்தார். ஜம்புலிங்கம் அதை இன்னும் வேகமாகத் திருப்பினார். எதிர்ப்பக்கத்து ஆள் எப்படியோ மட்டையை நீட்டித் தொட்டுவிட, பந்து உயர எழும்பி, மெதுவாக வளைந்து, ஜம்புலிங்கத்தின் இடது காதோரமாக வந்தது. குழந்தைகூட அடித்துவிடும் பந்து. ராஜசேகரன் ஜெயித்துவிட்டதாகவே நினைத்து மட்டையைத் தூக்கிவிட்டார்.

ஜம்புலிங்கத்தின் இடது கை எழுந்தது. லபக்கென்று பந்தைப் பிடித்துக்கொண்டது.

ஜெயித்த பூந்தமல்லிக்காரர்களுக்கே தாங்கள் ஜெயித்தது தெரியவில்லை. அம்பயராக நின்ற ஜோசப்ராஜ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். அதில் என்ன எழுதியிருக்கப் போகிறது? ஜம்புலிங்கம் தம் கையில் இருந்த பந்தை, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் ஜோசப்ராஜ் விசில் ஊதினார்.

"என்னய்யா பண்ணினே?" என்றார் ராஜசேகரன்.

"அட்ச்சேன் சார். அப்பால புட்ச்சேன்."

"எதுக்குப் பிடிச்சே? கொஞ்சமாவது யோசிச்சியா?"

"நீதான சார் யோசிக்காதன்னே. யோசிச்சிருந்தா புட்ச்சிருக்க மாட்டேன்."

இந்தப் பதிலை நான் அன்று முதல் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கிறது. ராஜசேகரனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது. "இனிமே இந்தக் கோட்டுக்குள்ளே நீ கால் வைக்கக் கூடாது" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். ஜம்புலிங்கம் பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, கோட்டைத் தாண்டி வெளியே போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் யார் பக்கம் பேசுவது என்றும் தெரியவில்லை.

கூத்து என்னவென்றால், அவரை விட்டாலும் அவருடைய பந்தை விட முடியவில்லை. ஊரில் வேறு பந்து கிடையாது. தினமும் சாயங்காலம் ஜம்புலிங்கம் புதுப் பந்தோடு வருவார், ராஜசேகரனிடம் கொடுப்பார். பிறகு சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, கட்டை விரல் கோட்டைத் தொடாத தூரத்தில் நின்று, ஆட்டம் முடியும் வரை பார்ப்பார். போகச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் மேனாம்பேட்டுப் பக்கம் போனேன். ஏற்றத்தடியில் சாதகம் நடந்துகொண்டிருந்தது. இடது கை பந்தைப் பிடிக்கக் கூடாது என்று அதில் ஒரு மண்சட்டியைப் பிடித்திருந்தார். அடித்தார். பந்து திரும்பி வந்தது. இடது கை சட்டியைப் போட்டுவிட்டுப் பந்தைப் பிடித்தது.

"நான் வாணாம்னு தான் அண்ணாத்தே சொல்றேன். அது கேக்க மாட்டேன்னுது" என்றார், கையைப் பார்த்தபடி. வேறொருவர் கையைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார்.

வடிவு சட்டி ஓடுகளைப் பொறுக்கினார். "முந்தாநேத்து சொம்பு நசுங்கிப்பூட்ச்சு. இன்னிக்கு கொழம்புச் சட்டி. ராவெல்லாம் தூங்காம அந்தக் கையையே பாத்துக்கினு கீது அண்ணே. அந்த வாத்தியாராண்ட நீயாவது ஒரு வார்த்த சொல்லேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்கிறேன் என்றேன். ராஜசேகரனிடம் சொல்லவும் சொன்னேன். "கை அவர் பேச்சையே கேக்கலே, என் பேச்சைக் கேக்குமா?" என்றார் அவர். அதுவும் சரியாகத்தான் பட்டது.

நேற்றுச் சாயங்காலம், ஜம்புலிங்கத்துக்குப் பதிலாகச் சேர்த்த ஐந்தாவது ஆள் ரயிலில் வந்து சேரவில்லை. நாலு பேரும் மட்டையை வைத்துக்கொண்டு ரயிலடியைப் பார்த்தபடி நின்றார்கள். ராஜசேகரன் என்னைப் பார்த்தார். நான் என் முழங்காலைக் காட்டினேன். ஜம்புலிங்கம் வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். சட்டை போடவில்லை. ஏற்றத்திலிருந்த கறுப்புக் கயிறு இடுப்புக்குத் திரும்பியிருந்தது. கட்டியது போக ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது.

ராஜசேகரன் பக்கத்தில் வந்ததும் ஜம்புலிங்கம் திரும்பி முதுகைக் காட்டி நின்று, மஞ்சள் படிந்த இடது கையைப் பின்னால் மடக்கி, இடுப்புக் கயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். தொங்கிய நுனியை விரல்களுக்கு நடுவே பிடித்து நீட்டினார்.

ராஜசேகரன் அந்தக் கையையும் கயிற்றையும் பார்த்தார். பிறகு தம் மட்டையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்தார். மணிக்கட்டை இடுப்போடு சேர்த்துச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இறுகியிருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

ஜம்புலிங்கமும் ஒரு தரம் கையை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. அதன் பிறகுதான் குனிந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்து, வலது காலை முதலில் எடுத்து வைத்து உள்ளே வந்தார்.