சொந்தமில்லாத ஆள் ஒருவர் தேவை

திலகா என் அக்கா தாயம்மாவின் மகள். எனக்கும் அக்காவுக்கும் ஒரே அப்பா, வேறு அம்மா. ஆனால் மூத்த அம்மாவின் தம்பி பெண் எடுத்தது எங்கள் அம்மா வீட்டில், அந்த வழியில் பார்த்தால் அக்கா எனக்கு இன்னொரு முறையும்… சரி, வேண்டாம். பேச்சு இந்த இடத்துக்கு வந்தால் என் மனைவி மாரியாயி, "ஆரம்பிச்சிட்டாரு" என்று துணி காயப்போட எழுந்து போய்விடுவாள். நீங்களும் போய்விடக் கூடாது.

என் பெயர் வீரன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனேன், அதிலும் பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால். பிறகு செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினேன். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். புக்கிட் ரோத்தானிலிருந்து உலு யாம் வரை எவரைப் பார்த்தாலும், ஒரு கிளாஸ் தேத்தண்ணி முடிவதற்குள் அவர் எனக்கு என்ன முறை என்று கண்டுபிடித்துவிடுவேன். கல்யாணம் வைக்கிறவர்கள் பத்திரிகை யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். இது பெரிய படிப்பு என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திலகா படித்தது உண்மையான படிப்பு. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். அவள் அப்பா செல்லன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஐந்தாம் படிவத்தோடு கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தது, புருஷன் சிங்கப்பூருக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அதன் பிறகு ஒரு தாடிக்காவில், அதுதான் சின்னப் பிள்ளைகளின் பாலர் பள்ளியில், உதவியாளாக இருந்தாள். பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு, மைலோ கலக்கிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் வார இறுதியில் வகுப்புக்குப் போய், தலையில் நரை விழுந்த பிறகு ஆசிரியர் பட்டம் வாங்கினாள். பட்டமளிப்புப் படத்தில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் அவள் மகள் வயசு.

போன வருஷம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியை நீண்ட விடுப்பில் போனார். அந்த இடத்துக்குப் பள்ளி வாரியமே சம்பளம் கொடுத்துத் தற்காலிகமாக ஓர் ஆளை எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. இந்த வயதில் அவளுக்குத் திறந்த கதவு அது ஒன்றுதான். அது மூடினால் மறுபடியும் மைலோ கலக்கப் போக வேண்டும். அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, ரெசுமே எழுதணும். எங்க வீட்டுல மக டிவி சத்தம். இங்க ஒரு மூலையில உக்காந்துக்கிறேன்."

மூலையில் உட்கார வைக்கிற ஆளா நான்? பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"எழுதும்மா. மொதல்ல, செல்லன் மகள். அடுத்தது, மண்டோர் கறுப்பையா பேத்தி. தாய்மாமன் வீரன், லோரி டிரைவர், ஓய்வு."

"மாமா, இது வேலைக்கு லா. காதுகுத்துப் பத்திரிகை இல்ல."

"யாரு வீட்டுப் புள்ளன்னு தெரியாம எவன் வேலை குடுப்பான்?"

எங்கள் காலத்தில் அப்படித்தான் நடந்தது. தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் முன்னால் போய் நின்றால் அவர் கேட்பது ஒரே கேள்வி: யாரு வீட்டுப் புள்ள? தாயம்மா தம்பி என்றேன். மறுநாள் காலையில் எனக்கு வேலை. என் ரெசுமே அந்த இரண்டு வார்த்தைதான், அதையும் எழுதத் தெரியாமல் வாயால் சொன்னேன்.

திலகா சிரித்துக்கொண்டே தட்டினாள். படிப்பு, பயிற்சி, கற்பித்த பாடம் என்று வரிசையாகப் போட்டாள். கடைசியில் வந்து நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேரு நம்மளப் பத்திச் சொல்லணும் மாமா. ஒண்ணு, எங்க லெக்சரர் சரின்னுட்டாங்க. இன்னொண்ணு இந்த வட்டாரத்து ஆளா இருக்கணும்."

"ஒண்ணு என்னா, ஒரு லோரி ஆள் கொண்டாறேன்!"

"சொந்தக்காரங்களா இருக்கக் கூடாதாம்."

எனக்குச் சுருக்கென்றது. சொந்தம் இல்லாதவனுக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்? இருந்தாலும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கோயில் தலைவர் பேரைச் சொன்னேன்.

"அவரு எனக்குச் சின்னய்யான்னு நீங்கதான் போன தீமிதியில சொன்னீங்க."

ஓய்வு பெற்ற தலைமையாசிரியரைச் சொன்னேன். அவர் என் கொழுந்தியாளின் சம்பந்தி. கிளினிக் டாக்டரைச் சொன்னேன். அவர் அம்மா வழியில் எனக்குப் பேரன் முறை. நான்தான் அவர் ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் கண்டுபிடித்து, அந்தச் சந்தோஷத்தில் ஊசியை மறக்கடித்தேன். கடைசியாகப் பலசரக்குக் கடை முதலாளி தௌகேயைச் சொன்னேன்.

"அந்தச் சீனரையே மச்சான்னுதான மாமா கூப்பிடுறீங்க? அவரு மகன் உங்கள மாமாங்குறான்."

வாழ்நாள் முழுக்க ஒருவர் விடாமல் சொந்தமாக்கி வைத்திருக்கிறேன். இப்போது என் அக்கா மகளுக்குச் சொந்தமில்லாத ஓர் ஆள் வேண்டும் என்றால் வட்டாரத்திலேயே ஆள் இல்லை.

மாரியாயி கொடியில் துணி போட்டுக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "கிராணி கந்தையா மக விமலாதேவி, அதான் இவ வேலை செஞ்ச தாடிக்கா நடத்துறாங்களே, அந்தம்மா உங்களுக்கு எந்த முறையாம்?"

யோசித்தேன். அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கந்தையா தோட்ட ஆபீசில் கணக்குப் பார்த்த கிராணி. நாங்கள் அந்த வீட்டு வாசலோடு நின்றுதான் பேசுவோம். எந்தப் பக்கத்திலிருந்து ஏறினாலும் கிளை எட்டவில்லை. என் வித்தை முதல் முறையாகத் தோற்ற இடத்தில்தான் எங்களுக்கு ஆள் கிடைத்தது.

திலகாவுக்கு அங்கே போகக் கூச்சம். நான்தான் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனேன். விமலாதேவி டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிக்கணினியை முழுக்கப் பார்த்தார்.

"என்ன திலகா, இதில என்ர தாடிக்காவைக் காணேல்லையே?"

"அங்க நான் உதவியாள்தான டீச்சர். ஆயா வேலையைப் போட்டா மதிக்க மாட்டாங்க."

"ஆயா வேலையோ? பள்ளிக்கு முதல் நாள் வாற பிள்ளை கத்தேக்க என்னட்டயோ வந்தது? உன்னட்டத்தான் ஓடி வந்தது. அதை எழுது. எழுதினாத்தான் நான் பேர் தருவன்."

திலகா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தங்கச்சி என்று கூப்பிட்டு அந்தம்மாளையும் கெடுத்திருப்பேன்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. "நீங்க வர வேணாம் மாமா, கிராப் டாக்சி எடுத்துக்கிறேன்" என்றாள். கேட்டேனா? காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பள்ளி நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மகன் வாங்கிக் கொடுத்த சட்டை, மாரியாயி இஸ்திரி போட்டது. பெஞ்சில் எனக்கு முன்னாலேயே இரண்டு இளம்பெண்கள் உட்கார்ந்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். திலகா அவர்களுக்கு அப்பால் உட்கார்ந்தாள்.

வாரியத் தலைவர் சத்தியசீலன் வந்தார். புக்கிட் ரோத்தானில் சாயம், ஆணி, குழாய் விற்கிற கடை வைத்திருப்பவர். தேர்வறையில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவர். முகத்தில் களையே இல்லை. நல்ல வார்த்தை இரண்டு பேசினால் திலகாவுக்கு உதவும் என்று எனக்குத் தோன்றியது. அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, அப்பா பேரு அழகேசன்தான?"

"ஆமாங்கய்யா."

"உலு யாம் அழகேசன்! லோரி ஓட்டுனாரே!"

அவர் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ம்… லோரிதான்" என்றார்.

"அட, அவரு என் பெரியப்பா மகன்! எனக்கு அண்ணன்! நீ எனக்கு மகன் முறை, நான் உனக்குச் சித்தப்பா. இந்தா உக்காந்திருக்கே திலகா, என் அக்கா மக. அப்படின்னா உனக்கு அத்தை மக லா!"

திலகா சான்றிதழ்க் கோப்பைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். சத்தியசீலன் முகத்தில் எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் வந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

"அத்தை மகளா! அப்ப நான் உள்ள உக்காரவே கூடாது சித்தப்பா. நெருங்குன சொந்தம் இருந்தா எழுந்திரிக்கணும், அது வாரியச் சட்டம்."

நான் கையை உருவிக்கொண்டேன். "அப்படி ஒண்ணும் நெருக்கம் இல்ல தம்பி. தூரத்துச் சொந்தம். ரொம்பத் தூரம். பேச்சுவார்த்தையே கெடையாது!" சொந்தத்தை நானே வெட்டியது அதுதான் முதல் தடவை. அவர் காதில் வாங்கவில்லை. உள்ளே போய்த் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

தேர்வு முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திலகா கார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வந்ததும் நடந்ததை மாரியாயியிடம்தான் சொன்னாள். மாரியாயி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"உங்க பெரியப்பா மகன் அழகேசனா? அவரு கல்யாணமே கட்டாமதான செத்தாரு? நம்ம வீட்டுலதான கருமாதி பண்ணோம்? அவருக்கு ஏது மகன்?"

உண்மைதான். கடைசி வரைக்கும் ஒற்றை ஆளாக இருந்த மனுஷன். தலைவரின் அப்பா வேறு ஏதோ அழகேசன். என் ஞாபகசக்தி ஒரே மூச்சில் ஒரு தலைவரை அறையிலிருந்து துரத்தி, ஒரு பிரமச்சாரியின் பேரையும் கெடுத்திருக்கிறது.

"போய்ச் சொல்லிட்டு வாங்க மாமா" என்றாள் திலகா. "பொய்யான சொந்தத்துல வர்ற வேலை எனக்கு வேணாம். கெடைக்காமப் போனாலும் போவட்டும்." அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் கடைக்குப் போனேன். சத்தியசீலன் யாருக்கோ சாயம் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும் வரை காத்திருந்து, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ய்யா" என்றார்.

"என்னா தெரியும்?"

"எங்கப்பா சுங்கை ஆயர் தாவார்ல தென்னந்தோப்புல வேலை செஞ்சவரு. லோரியில ஏறுனாலே வாந்தி எடுப்பாரு. உலு யாம் எந்தப் பக்கம்னு கூட அவருக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் தம்பி ஆமான்னு தலையாட்டுன?"

அவர் எட்டிக் கடை வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெஞ்சில பச்சைச் சட்டை போட்ட புள்ள இருந்துச்சே, அது என் கொழுந்தியா மக. எடுக்கலன்னா வீட்டுல சோறு கெடையாது. எடுத்தா பள்ளியில நாறிப் போவும். அது சொந்தம்னு சொல்லி எழுந்திரிச்சேன்னு வைங்க, நம்ம புள்ளைக்குப் பேசாம ஓடிட்டீங்களேன்னு என் பொண்டாட்டி விட மாட்டா. ராவெல்லாம் தூங்கல. நீங்க வந்து சித்தப்பான்னீங்க பாருங்க, சாமி வந்த மாதிரி இருந்துச்சு!"

என் வித்தையை நம்பி அவர் எழுந்து போகவில்லை. அது தப்பு என்று தெரிந்ததால்தான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கிறார். அதற்குமேல் எனக்கு என்ன மரியாதை மிச்சம்?

திலகா அதோடு விடவில்லை. தலைமையாசிரியைக்கே போன் போட்டு, தலைவருக்கும் தனக்கும் சொந்தம் கிடையாது என்று சொன்னாள். அந்த அம்மாள் சொன்னாராம்: "நல்லதா போச்சு. அவரு இல்லாததால சீக்கிரம் முடிஞ்சது. உங்களத்தான் எடுத்திருக்கோம், திங்கக்கிழமை வந்துருங்க." தேர்வில் முக்கால்வாசி நேரம் தாடிக்காவைப் பற்றித்தான் கேட்டார்களாம். அழுகிற பிள்ளையை எப்படிச் சமாதானப்படுத்துவீர்கள் என்று கேட்டதற்கு இவள், "மொதல்ல மூக்கத் தொடைச்சு விடுவேன்" என்றாளாம்.

முதல் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நிமிர்ந்து, "மாமா, பள்ளிப் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்றாள்.

நான் போகவில்லை. ஆனால் பத்திரிகை என்னைத் தேடி வந்தது. சத்தியசீலன் பேத்திக்குக் காதுகுத்து. உறை மேல் 'சித்தப்பா வீரன் குடும்பத்தினர்' என்று எழுதியிருந்தது. போனில் கூப்பிட்டு, "இந்தச் சொந்தம் பொய்ன்னு வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது, வந்து காப்பாத்திருங்க" என்றார். திலகாவுக்கும் தனியாக ஒரு பத்திரிகை போயிருந்தது; ஆசிரியை ஆகிவிட்டாளே, வாரியத் தலைவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா?

பந்தியில் மாரியாயி எனக்கு வலப்பக்கம், திலகா எதிர்வரிசை. சத்தியசீலனின் மனைவி வந்து எனக்கு இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திலகாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்கதான் அத்தை மகளா? சித்தப்பா, நம்ம சொந்தம் எப்படின்னு கொஞ்சம் வெவரமா சொல்லுங்க. எங்க மாமனாரு வாயில ஒரு நாளும் உங்க பேரு வந்ததில்ல. அவரு சம்சாரம் எந்த ஊருன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

சத்தியசீலன் சாம்பார் வாளியோடு சிலை மாதிரி நின்றார். திலகா இலையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாரியாயி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "சொல்லுங்க, நானும் கேட்டதில்ல" என்றாள்.

நான் தண்ணீர் குடித்தேன். வேறு வழியில்லாமல், செத்துப்போன பிரமச்சாரி அழகேசன் அண்ணனுக்கு அந்தப் பந்தியிலேயே சுங்கை ஆயர் தாவாரில் பெண் பார்த்து, கல்யாணம் பண்ணி வைத்தேன்.